கஸ்தூரியின் பதில்களை நான் அழித்தேன்

காஞ்சிபுரத்தில் சேனல் நடத்துகிற பிள்ளைகளே, நேற்றுக் காலை நம் குழுவில் உங்களில் ஒருத்தர் கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு எனக்குக் காபி இறங்கவில்லை. "அக்கா, வீடியோல ஒரு தப்பு பண்ணிட்டேன், கமெண்ட்ல கிழிக்கிறாங்க, சைலண்டா டெலிட் பண்ணிடவா?" இதுதான் கேள்வி. நான் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்துவிட்டன. பண்ணிடு, பண்ணிடு, ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. அந்த வீடியோவுக்குக் கீழே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று உங்களில் ஒருத்தராவது கேட்டீர்களா? கேட்கவில்லை.

அனுபவத்தை எழுதித் தாருங்கள் அக்கா என்று போன மாதத்திலிருந்து நச்சரிக்கிறீர்களே, இந்தாருங்கள். இனிப்பாக இருக்காது. கேமரா எங்கே வைப்பது, மைக் எது வாங்குவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது நான் செய்த தப்புதான். அதையும் ஒருமுறை செய்துவிட்டு நிறுத்தவில்லை.

என்னை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. எங்கள் வீட்டில் யாரும் தறியில் உட்கார்ந்ததில்லை. அப்பா தாமல் பக்கம் கூலிக்கு நடவு வேலை பார்த்தவர். நான் பட்டுக்கடையில் புடவை மடிக்கப் போய், பிறகு தரம் பார்க்கிறவளாக ஆகி, முப்பது வருஷம் அங்கேயே இருந்தேன். கடைக்கு வருகிற ஒவ்வொரு புடவையையும் புரட்டிப் பார்த்து இது கைத்தறி, இது விசைத்தறி என்று பிரிப்பது என் வேலை. கடையில் இருக்கும்போதே வலைப்பூ எழுதத் தொடங்கினேன். பிறகு வீடியோ. 'நீங்க நெசவு ஜாதியா? இல்லைன்னா உங்களுக்கு என்ன தெரியும்?' என்று கேட்காத ஆள் இல்லை. அவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்றே ஒவ்வொரு வீடியோவிலும் அடித்துப் பேசினேன். 'இருக்கலாம்' என்ற வார்த்தையே என் வாயில் வராது. அந்தத் திமிர்தான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

வலைப்பூ காலத்தில் எனக்கு ஒரு வாத்தியார் இருந்தார். ஆணா பெண்ணா தெரியாது, வயது தெரியாது. பின்னூட்டத்தில் 'பெயரில்லா' என்றுதான் வரும். ஒருமுறை பல்லவர் காலத்துக் கூரம் செப்பேட்டைப் பற்றித் தப்பும் தவறுமாக எழுதிவிட்டேன். பெயரில்லா வந்து மரியாதையாகத் திருத்தினார். எனக்கு வெட்கம். சத்தமில்லாமல் பதிவில் அந்த வரியை மாற்றிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருந்தேன். மறுநாள் அவர் எழுதினார்: "தவறைத் திருத்தியது சரி. ஆனால் இப்போது படிப்பவருக்கு, இல்லாத தவறுக்கு நான் சண்டை போட்டதுபோல் இருக்கிறது. என்னைப் பைத்தியமாக்கிவிட்டீர்கள். எழுதியதன் மேல் ஒரு கோடு போடுங்கள், பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். இரண்டும் இருக்கட்டும்." அன்றிலிருந்து வலைப்பூவில் அப்படித்தான் செய்தேன். வீடியோவுக்குப் போனபோது அந்தப் பாடத்தை வலைப்பூவிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன்.

நீங்கள் வீடியோ என்று எதை நினைக்கிறீர்கள்? நீங்கள் பேசுகிற பன்னிரண்டு நிமிஷத்தையா? கோயில் இட்லி பற்றி நான் ஒரு வீடியோ போட்டேன். மிளகை முழுசாகப் போடுவதா, உடைத்துப் போடுவதா என்று அதன் கீழே ஒரு பெரியவர் நாலு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். என்னோடு இல்லை, திருச்சியில் இருக்கிற இன்னொரு பெரியவரோடு. நடுவில் ஒருவருக்கு ஆபரேஷன் ஆகி, மற்றவர் நலம் விசாரித்து, மறுபடி மிளகுக்கு வந்துவிட்டார்கள். நான் பேசியதை அங்கே யாரும் பார்ப்பதுகூட இல்லை. அந்த வீடியோவை நான் நீக்கினால் என் பன்னிரண்டு நிமிஷம் மட்டுமா போகும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆவணி முகூர்த்தங்களுக்குக் கொஞ்சம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரலை நடத்துவேன். ஆட்கள் வீடியோ அழைப்பில் வந்து தங்கள் புடவையைக் காட்டுவார்கள். "பொடவைய பொரட்டிக் காட்டுங்க" என்பேன். அது எனக்குப் பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. எதற்குப் புரட்டுவது என்றால், கோர்வைப் புடவையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால், அதாவது குறுக்கிழை ஓட்டும் கட்டையால் நெய்து, இழைக்கு இழை கையால் கோர்த்துச் சேர்ப்பார்கள். பின்பக்கம் பார்த்தால் அந்தச் சேர்க்கை தெரியும். விசைத்தறியில் பின்பக்கம் மொழுமொழுவென்று இருக்கும்.

அன்றைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா அரக்கில் பச்சைக் கரை போட்ட புடவையைக் காட்டினார். புரட்டச் சொன்னேன். பின்பக்கம் மொழுமொழுவென்று இருந்தது. இரண்டு வினாடிகூட யோசிக்கவில்லை. "வெசத்தறி. சந்தேகமே வேணாம்" என்றேன். எங்கே வாங்கினீர்கள் என்று கீழே ஒருவர் கேட்க, அந்த அம்மா பெயரைச் சொல்ல, நான் அதை இன்னொருமுறை உரக்கப் படித்தேன். பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம், கஸ்தூரி என்று ஒரு நெசவாளர் குடும்பம், நேரடியாகத் தறியிலிருந்து விற்பவர்கள். "இவங்கள மாதிரி ஆளுங்களாலதான் நம்ம ஊரு பேரே கெடுது" என்று சொல்லிவிட்டு அடுத்த புடவைக்குப் போனேன்.

அந்தப் புடவை அசல் கோர்வை. கட்டும்போது நகையோ மெட்டியோ மாட்டி ஜரிகை இழுபடக் கூடாது என்று அந்த அம்மா உள்பக்கம் அதே நிறத்தில் மெல்லிய நெட் வைத்துத் தைத்து வாங்கியிருந்தார். தைத்ததை அவரே மறந்திருந்தார். நான் பார்த்தது நெட்டை. முப்பது வருஷம் கடையில் நான் புரட்டியதெல்லாம் பெட்டியிலிருந்து பிரித்த புதுப்புடவை. உடுத்திய புடவைக்கு டைலர் என்னவெல்லாம் செய்வார் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது. ஊரில் புடவை உடுத்துகிற எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் "உள்ள நெட்டு இருக்கா பாருங்க" என்று சொல்லியிருப்பாள்.

அன்று மதியத்திலிருந்தே கஸ்தூரி கீழே எழுதத் தொடங்கியிருக்கிறாள். அவளைத் திட்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு பதில். எழுத்துப்பிழை ஏராளம், கோபம் ஒரு சொட்டுக் கிடையாது. 'அம்மா இது எங்க கையால நெஞ்ச பொடவ. நெட்டு தச்சிருக்குது. ஒரு ஜாண் பிரிச்சி பாத்துட்டு சொல்லுங்க.' இதையே திரும்பத் திரும்ப எழுதியிருந்தாள். மறுநாள் மாலை அந்தக் கோயம்புத்தூர் அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, 'கோர்வை தெரிகிறது. தப்பு என்னுடையது. அவர்கள் நேர்மையானவர்கள்' என்று எழுதினார். அதைப் படித்தபோதுதான் நான் பார்த்தது நெட்டை என்று எனக்கு உறைத்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நீங்கள் கட்டைவிரல் காட்டினீர்களே, அதையேதான் செய்தேன். ஐந்து நிமிஷத்தில் வீடியோவை அழித்தேன். அழித்துவிட்டு, அந்தக் குடும்பத்துக்கு ஒரு நல்லது செய்துவிட்டோம் என்றுகூட நினைத்தேன். எனக்கு இப்போதும் பற்றி எரிவது இந்த நினைப்பால்தான்.

இரண்டு நாள் கழித்துக் காலை பதினொரு மணிக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். முகவரி விசாரித்து நடந்தே வந்திருக்கிறாள். கஸ்தூரி என்று பெயரைச் சொன்னாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"தப்பு பண்ணிட்டேன்மா. அதான் தெரிஞ்ச ஒடனே வீடியோவ எடுத்துட்டேன்" என்றேன்.

"எடுத்துட்டல்ல? அதுக்குத்தான் வந்தேன். நீ திட்டினதுக்கு வரல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நேரலையிலிருந்து யாரோ வெட்டிய துண்டு. நான் அவர்கள் பெயரைப் படிப்பதும், ஊரு பேரே கெடுது என்பதும் மட்டும். கல்யாணப் புடவை வாங்குகிறவர்கள் குழுக்களில் அது சுற்றிக்கொண்டிருந்தது.

"இது ஒன் வாய்தானே? இது இருக்குது. ஊரெல்லாம் இருக்குது. நான் பேசினது எங்க இருக்குது? தறிய நிறுத்திட்டு ஒக்காந்து ஒவ்வொருத்தருக்கா சொன்னேன்கா. எனக்கு டைப் அடிக்க வராது, போன்ல பேசிப் பேசி ஏத்தினேன். அந்தக் கோயமுத்தூர் அம்மா அவங்களே வந்து என் தப்புன்னு எழுதினாங்க. யாரு கேட்டாலும் இதப் பாருங்கன்னு அதக் காட்டிக்கலாம்னு இருந்தேன். நீ மொத்தத்தையும் வாரிக்கினு பூட்ட."

"அந்த அம்மாவயே மறுபடி எழுதச் சொல்லலாம்மா."

"கேட்டேன். அவங்க வீட்ல சண்டையாம். எதுக்கு உனக்கு இந்த வம்புன்னு போன வாங்கி வெச்சிட்டாங்களாம். இப்ப என்ன சொல்றாங்க தெரியுமா? நாங்க உன்ன மெரட்டி எடுக்க வெச்சோமாம். நீ சொன்னது நெஜம்ன்றதாலதான் எடுக்க வெச்சாங்கன்றாங்க."

நான் வாயைத் திறந்தேன். "மன்னிப்பு கேட்டு ஒரு வீடியோ போட்டுடறேன்."

"போடு. கண்ணு கலங்கிக்கினு ஒண்ணு போடு. எவ்ளோ பெரிய மனசுன்னு ஒனக்கு எழுதுவாங்க. என் பொடவைய யாரு வாங்குவா?"

அவர்கள் வீட்டில் இரண்டு தறி. பல வருஷம் முதலாளி கொடுக்கும் பாவு நூலைத் தறியில் ஏற்றிக் கூலிக்கு நெய்தவர்கள், ஒருவழியாக வெளியே வந்து, சொந்தமாகப் பட்டு வாங்கி, சொந்தப் பெயரில் விற்கத் தொடங்கியிருந்தார்கள். என் பேச்சுக்குப் பிறகு ஆவணிக்குச் சொல்லியிருந்த கல்யாணப் புடவைகள் ஒவ்வொன்றாக வேண்டாம் என்றாகிவிட்டன. ஏகாம்பரம் பழையபடி முதலாளியிடம் போய் ஒரு தறிக்குப் பாவு வாங்கி வந்தார். இரண்டாவது தறியை மட்டும் கஸ்தூரி விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டாள். அது தங்கள் பெயரில் நெய்வதற்கு என்றாள்.

"நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டேன்.

"நான் பண்ணத நீ பண்ணு. இது எங்கெங்க ஓடுதோ அங்கெல்லாம் போயி எழுது. ஒவ்வொருத்தருக்கா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

மன்னிப்பு வீடியோவும் போட்டேன். அவள் சொன்னதுபோலவே எனக்குப் பெரிய மனசு என்று எழுதினார்கள். அந்தத் துண்டைப் பார்த்தவர்களில் அதைப் பார்த்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். பிறகுதான் எழுதத் தொடங்கினேன். 'இதில் பேசுவது நான்தான். நான் சொன்னது தவறு. உள்ளே நெட் தைத்திருந்தது. புடவை அசல் கைத்தறிக் கோர்வை.' இந்த நாலு வரியை எத்தனை இடத்தில் எழுதினேன் என்று எண்ணவில்லை. "எவ்ளோ வாங்கினீங்க மேடம்?" என்று கேட்டார்கள். குழுக்களிலிருந்து தூக்கி வெளியே போட்டார்கள். நான் நானே இல்லை, போலி என்று ஒருவன் எனக்கே நிரூபித்தான். புது வீடியோ போடுவதை ஒரு வருஷத்தில் நிறுத்திவிட்டேன். ஓய்வு பெற்றுவிட்டீர்களாமே என்று நீங்கள் வாழ்த்து அனுப்பினீர்கள். உண்மையில் நான் இந்த நாலு வரியோடு அலைந்துகொண்டிருந்தேன்.

ஒரே ஓர் இடத்தில் அது பலித்தது. அந்தத் துண்டை அதிகம் பேர் பார்த்தது வெளியூர்க்காரர் ஒருவர் நடத்துகிற சேனலில். அவரிடம் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். கடைசியில் என் நாலு வரியை எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி ஒட்டிவைத்தார். துண்டு ஓடும், உடனே கீழே என் பதில் நிற்கும்.

இதோடு விட்டிருந்தால் நான் புத்தியுள்ளவள். விடவில்லை. அந்தத் துண்டில் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசியது. அந்தத் தலையாட்டல், அந்தக் குரல், ஊரு பேரே கெடுது. என் வீடியோவை என் அனுமதியின்றி வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று தளத்துக்குப் புகார் மேல் புகாராக அனுப்பினேன். கஸ்தூரிக்காகச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவழியாகப் போன செவ்வாய்க்கிழமை காலை, அந்த வெளியூர்ச் சேனலில் இருந்ததை அகற்றிவிட்டோம் என்று பதில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டோ பிடித்துப் பிள்ளையார்பாளையம் போனேன்.

ஏகாம்பரம் முதலாளித் தறியில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னோடு பேசுவதில்லை, தலையை மட்டும் ஆட்டுவார். இரண்டாவது தறி சும்மா இருந்தது. கஸ்தூரி கீழே உட்கார்ந்து, நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எடுக்க வெச்சிட்டேன்மா. அந்த வெளியூர்க்காரன் போட்டது போயிடுச்சு. இனிமே அத ஒருத்தரும் பாக்க முடியாது" என்றேன்.

அவள் கை நின்றது. "எது? மேல நீ எழுதினது நிக்குதே, அதுவா?"

"ஆமா, அதான்."

"மத்ததெல்லாம் இருக்குதா?"

"அதெல்லாம் குழுவுக்குள்ள சுத்துது. அத நாம ஒண்ணும் பண்ண முடியாதுமா."

அவள் தாரைக் கீழே வைத்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கினியாபா? நல்ல பதிலு நின்னுக்கினு இருந்த ஒரே எடம். அதத் தொடச்சிட்டு சந்தோசமா ஆட்டோல வந்திருக்குது."

ஏகாம்பரம் தறியை நிறுத்தினார். மூன்று வருஷத்தில் முதல்முறையாக என்னிடம் பேசினார். "போன வாரம் சேலத்துலேர்ந்து ஒரு அம்மா கூப்ட்டாங்க. பொண்ணு கல்யாணத்துக்குக் கூறப்பொடவ. எங்க பேர எங்கயோ தப்பா கேள்விப்பட்டாங்களாம், அப்புறம் நீங்க எழுதினதப் பாத்தாங்களாம். வீட்டுக்காரருக்குக் காட்டணும், அத அனுப்பி வெய்யுங்கன்னு கேட்டாங்க. காலையிலதான் அனுப்பிச்சது."

அவர்களுக்கு அந்த ஒரு புடவை எதற்கு என்று எனக்குத் தெரியும். ஐப்பசிக்குள் ஓர் ஆர்டர் வராவிட்டால் இரண்டாவது தறியிலும் முதலாளி பாவுதான் என்று ஏகாம்பரம் ஆடியிலேயே சொல்லிவிட்டார். கஸ்தூரி ஒத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு என் கன்னத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. முதல்முறை அவள் பேச்சை அழித்தேன். இரண்டாம்முறை அவளுக்காக நான் பேசியதையே அழித்தேன். இரண்டு முறையும் எனக்கு என் முகம்தான் பெரிதாக இருந்தது. இதைத்தான் நீங்கள் 'சைலண்டா' என்கிறீர்கள்.

"நம்பரக் குடு, நானே பேசறேன்" என்றேன். கஸ்தூரி தன் கைபேசியிலேயே அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"அம்மா, நான் காஞ்சிபுரத்துலேர்ந்து பேசறேன். அந்த வீடியோல பேசினது நான்தான்" என்றேன்.

"எந்த வீடியோங்க? அவங்க அனுப்புன லிங்க்ல ஒண்ணுமே இல்லீங்களே" என்றார் அந்த அம்மா. "எங்க வீட்டுக்காரரு இப்பத்தான் கேட்டாரு. உண்மையா இருந்தா எதுக்கு எடுக்கறாங்கன்னு."

நான் முதலிலிருந்து சொன்னேன். நேரலை, நெட், கோயம்புத்தூர், நான் அழித்தது, மறுபடி நான் அழித்தது, எல்லாம். அவர் நடுவில் குறுக்கிடவில்லை. முடித்ததும், "சரிங்க, அவருகிட்ட கேட்டுட்டு கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். கஸ்தூரி கைபேசியை எடுத்து ஜன்னல் விளிம்பில், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் வைத்தாள்.

நேற்று உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு முதல் வேலையாக அவளைத்தான் அழைத்தேன். சேலத்து அம்மா இன்னும் கூப்பிடவில்லை.